ஆவாரம்பட்டையை இழுக்காதீர்கள்

"அன்னாசித் தோலும் கள்ளித் தோலும் பிளாஸ்டிக், மாட்டுத் தோல்தான் இயற்கை" என்று, மாட்டுத் தோலுக்கு மாற்றாக வரும் தாவரத் தோல்களைச் சாடும் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார் அதன் கட்டுரையாளர். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. மெக்சிகோவின் கள்ளித் தோலான டெசர்டோவில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் உண்டு. இத்தாலியின் ஆப்பிள் சக்கைத் தோலிலும் உண்டு. அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று. ஆனால் இரண்டாம் பாதி அதைவிடப் பெரிய ஏமாற்று.

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் நம் முன்னோர் பதனிட்டார்களாம். பதனிட்டார்கள்தான். ஆனால் இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் ஊறியது. அழுகக்கூடாது என்றுதானே குரோமியம் ஏற்றுகிறார்கள்? அது மண்ணில் எப்படி எளிதில் மட்கும்? மேற்பூச்சிலும் பல நேரம் அதே பாலியூரித்தேன்தான். ஆவாரம்பட்டையின் நற்பெயரைக் குரோமியத்துக்குச் சூட்டுவது மோசடி.

இந்த 'இயற்கை' என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டின் தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ். திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களில் 467 கிணறுகளைப் பார்த்தார்கள், 350 கெட்டுப்போயிருந்தன. தோல் கழிவு கலந்த பாலாற்றின் பெயரே கட்டுரையில் இல்லை.

மாற்றுத் தோலை ஆதரிக்கும் நாம் தொழிலாளர் வயிற்றில் அடிக்கிறோம் என்கிறார். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அவர்களுக்காக ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்களின் கைக்கு எந்தத் தோலும் பழகும். குரோமியம் இல்லாவிட்டால் அவர்கள் வேலை போய்விடாது.

எல்லாமே பிளாஸ்டிக் என்பதும் தவறு. கேரளத்தில் பிறந்த 'மலாய்', வீணாகும் தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியாவை வளர்த்து, அது நெய்யும் செல்லுலோஸ் ஏட்டில் வாழைநார் போன்றவற்றைச் சேர்த்துச் செய்வது, பிளாஸ்டிக் கிடையாது. இன்னும் சிறிய தொழில்தான், மாட்டுத் தோலின் உறுதி அதற்கு வரவில்லை. அதற்குத் தேவை ஆராய்ச்சியும் முதலீடும். கட்டுரையாளரோ முளையிலேயே கிள்ளச் சொல்கிறார்.

பழைய தவறுகளெல்லாம் திருத்தப்பட்டுவிட்டன என்று முடித்திருக்கிறார். 2025 ஜனவரி 30 அன்று, அந்த 1996 தீர்ப்புக்கு 28 ஆண்டுகள் கழித்து, வேலூர்ப் பகுதியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுங்கள், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டிருக்கிறது.