"பிலிப்பினோ நுகர்வோர்" என்று ஒருவர் இல்லை

பிலிப்பைன்ஸ் மக்களை இணையவழி விளம்பரத்தால் சென்றடைவது எப்படி என்று கற்பிக்கும் கட்டுரைகள் பெருகிவிட்டன. பெரும்பாலானவற்றில் ஒரே பாடம்தான். அங்குள்ளோர் ஆங்கிலம் அறிந்தவர்கள்; சமூக ஊடகங்களில் நெடுநேரம் கழிப்பவர்கள்; குடும்பப் பாசத்துக்கு உருகுபவர்கள்; செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸைத் தொடங்கிவிடுபவர்கள். ஆகவே ஆங்கிலத்தில் எழுதுக, இடையிடையே தகலோக் சொற்களைத் தூவுக, கண்ணீர் வரவழைக்கும் காணொளி ஒன்றை வெளியிடுக. வணிகர்கள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. அது அவர்கள் தொழில். மொழியியலும் தொடர்பியலும் பயின்றவர்கள் இதையே மேற்கோள் காட்டி, 'உள்ளூர்மயமாக்கல்' என்று பெயர் சூட்டி, ஆய்வேட்டின் ஓர் இயலாக்குவதுதான் கண்டிக்கத்தக்கது.

தூவுதல் என்ற உருவகத்திலேயே பிழை தொடங்குகிறது. தாக்லிஷ் எனப்படும் கலப்புப் பேச்சில் ஆங்கிலச் சொல் தகலோக் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. 'டவுன்லோட்' என்ற சொல்லுடன் 'மக்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்தால் அது தகலோக் வினையாகிவிடும். 'நக்-டவுன்லோட்' என்றால் பதிவிறக்கம் முடிந்தது. 'நக்டா-டவுன்லோட்' என்றால் நடந்துகொண்டிருக்கிறது. 'மக்டா-டவுன்லோட்' என்றால் இனிமேல் நடக்கும். ஆங்கில வேரின் முதலசை இரட்டித்து, செயல் முடிந்ததா இல்லையா என்பதைத் தகலோக் முறைப்படியே உணர்த்துகிறது. 'இ-டவுன்லோட்' என்று முன்னொட்டை மாற்றினால், செய்பவரிடமிருந்து செய்யப்படும் பொருளுக்கு வாக்கியத்தின் முதன்மை நகர்ந்துவிடும். மரியா லூர்துஸ் பாவுதிஸ்தா போன்ற மொழியியலாளர்கள் இக்கலப்பின் ஒழுங்கைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் புரட்டிப் பார்க்கும் பொறுமைகூட விளம்பர வழிகாட்டிகளுக்கு இல்லை.

இக்கலப்பு எதிர்த்திசையிலும் நிகழ்கிறது. ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு தகலோக் வேரை அதில் செருகும் பேச்சுக்குக் 'கோன்யோ' என்று பெயர். தெருவோர மீன் உருண்டையைக் குச்சியால் குத்தி எடுப்பதை 'மேக் துசோக்-துசோக் த ஃபிஷ்பால்ஸ்' என்று சொல்வது அதற்கு வழங்கும் கேலி எடுத்துக்காட்டு. மணிலாவின் செலவுமிக்க தனியார் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் அடையாளமாக அது கருதப்படுகிறது. நகைச்சுவை நிகழ்ச்சிகளில் நையாண்டிக்கு உள்ளாகிறது. இரண்டும் அதே இரு மொழிகளின் கலவைதான். எந்த மொழி சட்டகம், எந்த மொழி செருகல் என்பதைப் பொறுத்து, பேசுபவரின் வர்க்கம் மாறித் தெரிகிறது. "ஆங்கிலத்தில் எழுதித் தகலோக்கைத் தூவுக" என்ற அறிவுரை எந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. மக்களோடு மக்களாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, மாளிகை வாசலில் நின்று பேசும் விளம்பரமே அதன் விளைவு.

தாக்லிஷைச் சரியாக எழுதிவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. அது முதன்மையாக மணிலாவையும் அதைச் சுற்றியுள்ள தகலோக் நிலத்தையும் சார்ந்த பேச்சு. அந்நாட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. 1937இல் குடியரசுத் தலைவர் மானுவல் கேசோன் தேசிய மொழிக்கு அடிப்படையாகத் தகலோக்கை அறிவித்தார். 1959இல் அதற்குப் 'பிலிப்பினோ' என்பதன் முன்வடிவான 'பிலிபினோ' என்று பெயர் மாற்றினார்கள். 1987 அரசியலமைப்பு அதைப் பிலிப்பினோ ஆக்கியது. பெயர் மாறியதே தவிர, உள்ளிருந்த மொழி பெரிதும் தகலோக்காகவே நீடித்தது. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூடத் தகலோக்கைவிடச் செபுவானோவைத் தாய்மொழியாகக் கொண்டோரே மிகுதி. செபுவில் 'ஏகாதிபத்திய மணிலா' என்ற வசைச்சொல் இன்றும் வழங்குவது காரணமின்றி அன்று. மும்பையில் எழுதப்படும் இந்தி–ஆங்கிலக் கலவை விளம்பரங்களை மதுரையிலும் இம்பாலிலும் பார்த்துச் சலித்த இந்திய ஆய்வாளருக்கு இந்தக் கசப்பு புரியாமல் போவது விந்தை.

இது விளம்பரத்தோடு முடிகிற செய்தியும் அன்று. 2013ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியைப் பயிற்றுமொழி ஆக்கியது. 2024 அக்டோபரில் வந்த குடியரசுச் சட்டம் 12027 அந்தக் கட்டாயத்தை நீக்கி, பிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும் மீண்டும் பயிற்றுமொழிகளாக அமர்த்தியது. இலோகானோவிலும் ஹிலிகாய்னோனிலும் வாராயிலும் பாடம் எதற்கு என்று கேட்கிற பெற்றோரிடம், அம்மொழிகளில் கடையும் இல்லை, விளம்பரமும் இல்லை, வேலையும் இல்லை என்ற விடையே எளிதாகச் சென்று சேர்கிறது. சந்தை எந்த மொழியில் பேசுகிறதோ அதுவே பயனுள்ள மொழி என்ற எண்ணத்தை உருவாக்குவதில் இணைய விளம்பரத்துக்கும் பங்கு உண்டு.

'சமூக ஊடகப் பித்து' என்ற மற்றொரு பல்லவி. இதை ஏதோ ஓர் இனக்குணம்போலப் பேசுகிறார்கள். முன்கட்டணக் கைப்பேசியில் நாளுக்கு நாள் சிறுதொகை ஏற்றிப் பிழைப்பவரிடம், முகநூல் இலவசம், பிற தளங்களுக்குக் காசு என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2013 முதலே சலுகை அளித்தன. 2015இல் முகநூல் நிறுவனத்தின் 'இன்டர்நெட் ஆர்க்' திட்டமும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் அதே திட்டத்தைப் போன்ற பாகுபாட்டுக் கட்டணங்களுக்கு 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தடை விதித்தது. பிலிப்பைன்ஸில் அப்படி நடக்கவில்லை. இணைப்பைச் சொடுக்கினால் காசு கரையும் என்னும் நிலையில் தலைப்பை மட்டும் படித்து நகர்பவரைப் 'பித்தர்' என்று வகைப்படுத்துவது ஆய்வா, அவதூறா?

கண்ணீர்க் காணொளிக்கு வருவோர் அனைவரும் ஜாலிபீ நிறுவனத்தையே சுட்டுகிறார்கள். 2017 காதலர் நாளை ஒட்டி அது வெளியிட்ட குறும்படங்கள் உலகெங்கும் பரவியது உண்மை. அவற்றில் ஒன்றில், திருமண நாளில் காதலைச் சொல்பவன் மணமகன் அல்லன். மணமகளின் நண்பன் என்று இறுதியில் தெரிகிறது. உள்ளே கிடக்கும் வலியைப் பேச்சில் இழுத்து வெளியே போடுவதை அங்கே 'ஹுகோட்' என்பார்கள். இழுத்தல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அந்தப் பேச்சு மரபுக்குள் பிறந்தவர்கள் எடுத்த படம் அது. அதிலிருந்து 'உணர்ச்சி விற்கும்' என்ற மூன்று நொடிப் பாடத்தை மட்டும் பிரித்தெடுப்பதற்கு ஆய்வுப் பட்டம் தேவையில்லை.

உணர்ச்சியை அறிந்து வசப்படுத்தும் இக்கலை கோழி வறுவலோடு நின்றுவிடவில்லை என்பதே இப்பொருளில் மிகக் கனமான செய்தி. ஜொனதன் கார்பஸ் ஓங், ஜேசன் கபான்யெஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டின் அரசியல் பொய்ப்பரப்பலின் தலைமைச் சிற்பிகள் விளம்பரத் துறையிலும் மக்கள் தொடர்புத் துறையிலும் பணிபுரியும் வல்லுநர்களே என்று காட்டியது. பகலில் சவர்க்காரத்துக்கும் கைப்பேசிக்கும் உத்தி வகுப்போரே அரசியல்வாதிகளுக்கும் உத்தி வகுத்தனர். அவர்களுக்குக் கீழே செல்வாக்குள்ள பெயரறியாக் கணக்குகள். அவற்றுக்கும் கீழே குறைந்த கூலிக்குப் போலிக் கணக்குகளை இயக்கியவர்கள். எந்தக் கொச்சைச் சொல்லை எந்த நேரத்தில் போட்டால் கோபம் பற்றும் என்று அறிந்தவர்கள் அவர்கள். இதைப் படித்த பிறகும் 'பிலிப்பினோ பார்வையாளரை ஈர்க்கும் உத்திகள்' என்று மதிப்பீடற்ற தலைப்பிட்டுத் தாள் வாசிப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இத்தகைய ஆய்வேடுகள் வாய்மொழித் தேர்வுக்கு வரும்போது தேர்வாளர்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. வினாநிரல் எந்த மொழியில் தரப்பட்டது? விடையளித்தோர் எந்தத் தீவினர், வீட்டில் எம்மொழி பேசுவோர்? மணிலாப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலப் படிவத்தில் நிரப்பிய விடைகள் மின்டனாவோவின் மரனாவோ மொழிக் குடும்பத்துக்கு எப்படிப் பொருந்தும்? அந்நாட்டு ஆய்வாளர்கள் எழுதியவற்றுள் எத்தனை படிக்கப்பட்டன? இவற்றுக்கு விடை இல்லாத ஆய்வேட்டைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பலாம்; தலைப்பில் உள்ள 'பிலிப்பினோ' என்ற சொல்லிலிருந்தே திருத்தத்தைத் தொடங்கச் சொல்லலாம்.