பரிசோதித்தோரை எண்ணுகிறோம், பலனடைந்தோரை?

இலங்கையின் மரணங்களில் 83 வீதமானவை தொற்றா நோய்களால் நேர்வதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. மொத்த மரணங்களில் மூன்றிலொரு பங்கு இதய, குருதிக்குழாய் நோய்களால் நேர்பவை.

இதற்காகவே 2011இல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் தொடங்கப்பட்டன. யாழ்ப்பாணத்திலும் இவை இயங்குகின்றன. குருதி அமுக்கம், சீனி, உடல்நிறை, புகைப்பழக்கம் ஆகியவற்றைப் பார்த்து, அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் ஆபத்தைக் கணிக்கிறார்கள்.

ஆனால், எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பது வேலையின் அளவைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ஆபத்து அதிகமெனக் கண்டறியப்பட்டவர் கிளினிக்குக்குத் திரும்பி வந்தாரா? ஆறு மாதத்தில் அவரது அமுக்கம் 140/90க்குக் கீழ் இறங்கியதா? உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹார்ட்ஸ்' வழிகாட்டி இதைத்தான் எண்ணச் சொல்கிறது. பிரித்தானியாவில் 2004 முதல் குடும்ப வைத்தியர்களின் கொடுப்பனவில் ஒரு பகுதியே இத்தகைய இலக்குகளோடு பிணைக்கப்பட்டது.

வராதவர்களையும் எண்ண வேண்டும். இந்நிலையங்களுக்கு ஆண்கள் வருவது குறைவு. விடியலில் கரை திரும்பும் குருநகர் மீனவருக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் விவசாயிக்கும் காலைநேரக் கிளினிக் என்றால் அன்றைய உழைப்பு போய்விடும்.

வந்த ஆண்கள் எத்தனை பேர், திரும்பி வந்தோர் எத்தனை பேர், அமுக்கம் கட்டுப்பட்டோர் எத்தனை பேர்? பிரதேச வைத்தியசாலைகள் இந்த மூன்று எண்களை ஆண்டுதோறும் வெளியிடட்டும். மருந்தும் ஆளணியும் எங்கே போதவில்லை என்பதும் அப்போது தெரிந்துவிடும்.