எல்லாப் பாம்பும் புடையனல்ல

ரொறன்ரோவில் எமக்கு அறிமுகமான குடும்பமொன்றில் அண்மையில் பெரும் பூசல் எழுந்தது. நான்காம் வகுப்பில் பயிலும் மகன், வகுப்பறையில் வளர்க்கப்படும் சோளப் பாம்பை விடுமுறைக்கு வீட்டிற்குக் கொண்டுவர அனுமதி கேட்டான். தாயார் பதறிப்போனார். பாடசாலையையே மாற்றவேண்டும் என்றார். நியாயம் கேட்டு எம்மிடம் வந்தனர்.

தாயாரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். அவருடைய தமையனார் வன்னியில் வயலிற் புடையன் தீண்டி இறந்தவர்.

ஆயினும், சோளப் பாம்பு வேறு இனம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களே அதன் தாயகம். 4, 5 அடி நீளம்; செம்மஞ்சள் உடலிற் சிவந்த திட்டுக்கள்; வயிற்றிற் சோளமணி அடுக்கியதுபோன்ற கட்டங்கள். நஞ்சு கிடையாது, எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று உண்ணும். எமது ஊர்ச் சாரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால், நச்சுப் பாம்பான செப்புத்தலை விரியனைத் தோற்றத்தில் ஒத்திருப்பதனால், இது அங்கே ஆராயாமல் அடித்துக் கொல்லப்படுவதுண்டு. தோற்றத்தைக் கண்டு தீர்ப்பளிப்பதன் கொடுமையை எம்மவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அதற்காகக் கடைக்கு ஓடிப் பாம்பு வாங்குங்கள் என்று நாம் கூறவில்லை. அது 20 ஆண்டுகள்வரை வாழக்கூடியது. மகன் பல்கலைக்கழகம் சென்றபின் அதற்கு எலி போடுபவர் தாயாராகவே இருப்பார். ஊர்வன மூலம் சல்மொனெல்லா கிருமி தொற்றலாம். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் அவசியம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடலாகாது. அவ்வீட்டில் 2 வயதுக் குழந்தையும் உண்டு. ஆகவே, பாம்பு வீட்டிற்கு வரவேண்டாம் என்றே கூறினோம். தாயாரை மட்டும் ஒருநாள் வகுப்பறைக்குச் சென்று வரும்படி வேண்டினோம்.

அவர் சென்றார், வாசலைத் தாண்டவில்லை. மகன் அதைக் கையிலேந்தித் தான் கற்றவற்றை விளக்கினான். வீடு திரும்பும் வழியில், மாமனார் இறந்த கதையைத் தாயார் முதன்முறையாக மகனுக்குக் கூறினாராம்.

பெற்றோரே, இவ்விரண்டு பாடங்களும் எமது பிள்ளைகளுக்கு வேண்டும். சோளப் பாம்பைக் கையிலேந்திப் பழகிய பிள்ளை, நாளை ஊருக்குச் செல்லும்போது புல்லினுட் கிடக்கும் புடையனிடமும் கை நீட்டக்கூடும். பாடசாலை முதற் பாடத்தைக் கற்பிக்கின்றது. மற்றதைக் கற்பிக்கவேண்டியவர்கள் நாமே.