அதட்ட ஆளில்லாத ஆக்ஸல்

சினிமாவில் மூன்றாம் பாகம் என்பது பெரும்பாலும் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி. இலை அதேதான், சாம்பாரும் அதேதான். ஆனால் பரிமாறுகிறவருக்கு அலுப்பு, பாயச வாளியில் கரண்டி அடிதட்டும். ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ படத்தின் மூன்றாம் பாகம் அந்த ரகம். 1994-ல் வெளிவந்த அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு முகம் சுண்டி வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். போன மாதம் முதல் மூன்று படங்களையும் வரிசையாக வீட்டில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். மூன்றாவது இப்போதும் ஏமாற்றம்தான். முப்பது வருஷம் ஊறியும் அது இனிக்கவில்லை. ஆனால் ஏன் இனிக்கவில்லை என்பது இந்த முறை நன்றாகப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இது.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. முதல் படம் 1984-ல் வந்தது. டைரக்டர் மார்ட்டின் பிரெஸ்ட். கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ்காரன் ஆக்ஸல் ஃபோலி. அவனுடைய பழைய சிநேகிதன் கொலையாகிறான். கொன்றவனைத் தேடிக்கொண்டு, பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸுக்கு ஒரு ஓட்டைக் காரில் போகிறான். ஆக்ஸலாக எடி மர்ஃபி. அப்போது அவருக்கு வயது 23. முதலில் இந்த வேஷத்துக்குப் பேசப்பட்டவர் சில்வெஸ்டர் ஸ்டலோன். அவர் கதையை முழுக்க அடிதடியாக மாற்றப் பார்த்தார். அது ஒத்துவராமல் படப்பிடிப்புக்குச் சற்று முன்னால் விலகிக்கொண்டார். அப்புறம்தான் மர்ஃபி வந்தார். ஹெரால்ட் ஃபால்டர்மேயர் போட்ட அந்தக் கீபோர்டு இசையைப் படம் பார்க்காதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். 2005 வாக்கில் ஒரு தவளைப் பொம்மை அந்த மெட்டைக் கத்திக்கொண்டு எல்லார் செல்போனிலும் புகுந்தது, நினைவிருக்கலாம்.

முதல் படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓவிய வியாபாரி ஒருவன் கள்ளத்தனமாகப் போதைமருந்து கடத்துகிறான், ஆக்ஸல் பிடிக்கிறான். அவ்வளவுதான். அப்படியானால் நாம் ஏன் விழுந்து விழுந்து சிரித்தோம்?

பெவர்லி ஹில்ஸ் போலீஸார் ஆக்ஸலைக் கண்காணிக்க இரண்டு பேரைக் காரில் உட்கார வைக்கிறார்கள். ஒருவர் சார்ஜென்ட் டாகர்ட், சிடுமூஞ்சி, நடுவயது. இன்னொருவன் ரோஸ்வுட், பச்சைப் பிள்ளை. ஆக்ஸல் தன் ஓட்டல் அறையிலிருந்து அவர்களுக்கே சாப்பாடு அனுப்புகிறான். அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் போய்க் காரின் புகைக்குழாயில் வாழைப்பழத்தைத் திணித்துவிடுகிறான். கார் கிளம்பாது. இந்தக் காட்சியில் வாழைப்பழம் சிரிப்பு மூட்டவில்லை, டாகர்டின் முகம்தான் மூட்டுகிறது.

அவர்களுக்கு மேலதிகாரி லெஃப்டினன்ட் போகோமில். சட்டம் சட்டம்தான் என்கிற மனிதர். டெட்ராய்ட்டில் ஆக்ஸலின் மேலதிகாரி இன்ஸ்பெக்டர் டாட். அவர் வாயைத் திறந்தாலே வசவு. அந்த வேஷத்தில் வந்த கில் ஹில் தொழில்முறை நடிகர் அல்ல. டெட்ராய்ட் போலீஸில் கொலை வழக்குப் பிரிவில் பணியாற்றிய நிஜ அதிகாரி. பிற்பாடு அந்த நகர மன்றத்தின் தலைவரானார், 2001-ல் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். நிஜமாகவே பலரை அதட்டி வேலை வாங்கிய மனிதர் என்பதால் திரையில் அவர் அதட்டல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஆக, ஆக்ஸலைச் சுற்றி நான்கு பக்கமும் ஒழுங்கு. நடுவில் அவன் ஒருவன் ஒழுங்கீனம். அதுதான் படம். நமக்குத் தெரியாததா? ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பாலையா பயந்து பயந்து கேட்காவிட்டால் நாகேஷ் என்ன சொல்லி என்ன?

முதல் படம் இன்னொரு காரியமும் செய்கிறது. நடுவில் ஆக்ஸல் ஒரு திருட்டைத் தடுக்கிறான். அந்தப் பெருமையை டாகர்டுக்கும் ரோஸ்வுட்டுக்கும் கொடுத்து மேலதிகாரியிடம் ஒரு புளுகு விடுகிறான். டாகர்டால் தாங்க முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஆனால் படத்தின் முடிவில், இவர்களைக் காப்பாற்ற அதே போகோமில் தன் மேலதிகாரியிடம் முகம் மாறாமல் ஒரு பெரிய புளுகை அவிழ்த்துவிடுகிறார். சிரித்தபடியே பார்த்தாலும் மனசில் ஏதோ செய்யும் இடம் அது. ஒழுங்கான மனிதர்கள் கொஞ்சம் இளகினார்கள். அந்த இளக்கம் ஆக்ஸலின் சம்பாத்தியம்.

இரண்டாம் பாகம் 1987. டோனி ஸ்காட் எடுத்தது. சத்தம் கூடியது, துப்பாக்கி கூடியது, ஆனாலும் எல்லாரும் இருந்தார்கள். பொழுது போனது.

மூன்றாம் பாகத்துக்கு வருவோம். டைரக்டர் ஜான் லாண்டிஸ். சாதாரண ஆள் அல்ல. மர்ஃபியை வைத்து ‘டிரேடிங் பிளேசஸ்’, ‘கமிங் டு அமெரிக்கா’ என்ற இரண்டு நல்ல நகைச்சுவைப் படங்களைக் கொடுத்தவர். கதை எழுதிய ஸ்டீவன் டி சூசா ‘டை ஹார்ட்’ எழுத்தாளர்களில் ஒருவர். ஆக, சமையல்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான். பிறகு என்ன ஆயிற்று?

படம் திறந்ததும் திருட்டுக் கார்களைப் பிரிக்கும் ஒரு பட்டறை. இரண்டு மெக்கானிக்குகள் பழைய பாட்டு ஒன்றுக்கு ஆடுகிறார்கள். நாமும் சிரிக்கத் தயாராகிறோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கும்பல் புகுந்து எல்லாரையும் சுட்டுத் தள்ளுகிறது. தொடர்ந்து இன்ஸ்பெக்டர் டாட்டும் சுடப்பட்டு ஆக்ஸல் கையில் உயிரை விடுகிறார். முதல் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் ஆக்ஸலின் முதல் அதட்டல்காரர் போய்விட்டார்.

ஆக்ஸல் பெவர்லி ஹில்ஸுக்குப் போகிறான். போகோமில் இல்லை. டாகர்ட்? ரிடையர் ஆகிவிட்டார் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறார்கள். ரிடையர் ஆனவரைப் படத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள்! நம்மைப் போன்றவர்கள் இதற்கென்றே ஒரு கண்டனத் தீர்மானம் போடலாம். ரோஸ்வுட் மட்டும் மிச்சம். அவனுக்கும் பதவி உயர்வு. ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத நீளத்துக்கு ஒரு பதவிப் பெயர். அது உண்மையிலேயே நல்ல தமாஷ். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். ஆனால் பதவி வந்தபின் ரோஸ்வுட் ஆக்ஸலைக் கண்டு விழிப்பதில்லை, அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறான்.

பிறகு படம் முழுக்க ‘வொண்டர் வேர்ல்ட்’ என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் நடக்கிறது. ராட்டினம், பொம்மை வேஷக்காரர்கள், குழந்தைகள். படப்பிடிப்பு நடந்தது கலிஃபோர்னியாவில் சாந்தா கிளாரா என்ற ஊரிலுள்ள ஒரு நிஜப் பூங்காவில். பூங்காவின் பாதுகாப்புத் தலைவன் உள்ளேயே கள்ளநோட்டு அடிக்கிறான். ஆக்ஸல் ராட்டினத்தில் தொங்கிக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறான், பொம்மை உடுப்புக்குள் ஒளிந்துகொள்கிறான்.

பலர் இந்தப் பூங்காவைத்தான் குறை சொல்கிறார்கள். பட்ஜெட், கதை, வில்லன் என்று அடுக்குகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. முதல் படத்தின் கதையும் மெலிசுதான் என்று மேலே சொன்னேன். பூங்காவில் உள்ள குறை வேறு. அங்கே எல்லாருமே கூத்தடிக்கத்தான் வந்திருக்கிறார்கள். பெவர்லி ஹில்ஸின் பளிங்கு ஓட்டல் வரவேற்பறையில் ஆக்ஸல் சத்தம் போட்டால் அது கலகம். திருவிழாக் கூட்டத்தில் அதே சத்தம் போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

சவாரிக்கான வரிசையில் ஒரு மனிதரை முந்திக்கொண்டு ஆக்ஸல் ஏறிவிடுகிறான். அந்த மனிதர் வேறு யாருமல்ல, ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவருடைய பாத்திரத்துக்குப் போட்டிருக்கும் பெயர் ‘ஏமாற்றமடைந்த மனிதர்’. டிக்கெட் வாங்கிய நம் எல்லாருக்கும் பிரதிநிதியாக அவரை நிறுத்தினார்கள் போலும்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். முதல் படத்தில் ஓவியக் கூடத்தில் வந்த செர்ஜ் இதில் ஆயுதக் கடை வைத்திருக்கிறான். பிரான்சன் பின்சாட் வரும் அந்தச் சில நிமிஷங்களில் மர்ஃபியின் கண்ணில் பழைய வெளிச்சம் வருகிறது. காரணம் சுலபம். எதிரில் பதிலுக்கு நிற்க ஒரு ஆள் கிடைத்துவிட்டான். பூங்காவின் முதலாளியாக வரும் முதியவர் ஆலன் யங். பேசும் குதிரையை வைத்து வந்த ‘மிஸ்டர் எட்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகர். அவரும் நிறைவு.

முதல் படம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 23 கோடி டாலர் வசூலித்தது. மூன்றாவதுக்கு அங்கே கிடைத்தது சுமார் 4 கோடி டாலர். தோல்விக்குப் பின் லாண்டிஸ் பேட்டிகளில் ஒரு விஷயம் சொன்னார். மர்ஃபி சிரிக்கவைக்கவே விரும்பவில்லையாம். ஆக்ஸல் இப்போது வயது வந்தவன், இனி வாய்த்துடுக்குக் கூடாது என்று நினைத்தாராம். மர்ஃபியும் பின்னாளில் இந்தப் படத்தை மோசமானது என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

என் அபிப்பிராயத்தில், படம் கெட்ட இடம் இங்கேதான். வயதாவது என்றால் உம்மென்று ஆவது என்று யாரோ எங்கோ முடிவு கட்டிவிட்டார்கள். வயது ஏறஏறச் சிரிப்பு குறைய வேண்டும் என்பது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. குறைவது சிரிப்பு அல்ல, நம்மோடு மல்லுக்கட்ட இருந்த ஆட்கள்.

நான் வேலை பார்த்த ஆபீசில் ஒரு சிநேகிதர் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் செக்ஷனே குலுங்கும். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் கடுகடுப்பானவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர் ஒரு பார்வை பார்ப்பார், ‘போதுமா சார், ஃபைலைப் பார்க்கலாமா?’ என்பார். அந்தப் பார்வையில்தான் எங்களுக்குச் சிரிப்பு பீறிட்டு வரும். சூப்பரின்டெண்டென்ட் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் தங்கமான மனிதர், எல்லா ஜோக்குக்கும் முதல் ஆளாகச் சிரிப்பார். ஆறு மாதத்தில் நம் சிநேகிதர் பேச்சைக் குறைத்துவிட்டார். ‘என்னவோ உப்பில்லை ஐயா’ என்றார் ஒருநாள். பழைய சூப்பரின்டெண்டென்ட் காலமான செய்தி வந்தபோது எங்களில் அதிகம் அழுதவர் அவர்தான். மூன்றாம் பாகத்தில் ஆக்ஸலைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தது.

டாட்டைச் சாகடித்தது தப்பில்லை. துக்கம் நகைச்சுவைக்கு விரோதியும் இல்லை. முதல் படமே ஒரு சிநேகிதனின் சாவில்தான் கிளம்புகிறது. ஆனால் அங்கே ஆக்ஸல் துக்கத்தைச் சுமந்துகொண்டே குறும்பு செய்தான், குறும்புக்குள்ளே கோபம் தெரிந்தது. மூன்றாவதில் அதட்டிய குரல் நின்றுபோனதும் ஆக்ஸலுக்கு என்ன ஆயிற்று என்று படம் ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால், அதுவே நல்ல படமாகியிருக்கும். பார்க்கவில்லை. ராட்டினம் ஏறப் போய்விட்டது.

பெரிய இடைவெளிக்குப் பின் 2024 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் நான்காம் பாகம் வந்தது. ஆக்ஸலின் பழைய கோப்பைப் புரட்டும் ஒரு இளம் அதிகாரி, 94-ஐச் சுட்டி, அது உங்களுக்குச் சரியான நேரமில்லை போல என்கிற அர்த்தத்தில் கேலி செய்கிறான். அவர்களே ஒத்துக்கொண்டார்கள்! அதைவிட முக்கியம், டாகர்ட் திரும்பி வந்துவிட்டார். அதே ஜான் ஆஷ்டன், அதே சிடுசிடுப்பு, இப்போது தலைமை அதிகாரியாக. ஆக்ஸலும் அவரும் ரோஸ்வுட்டும் வயதான முகங்களோடு ஒன்றாக நிற்பதைப் பார்த்தபோது, கதை எப்படிப் போனால் என்ன என்று தோன்றிவிட்டது. கில் ஹில் 2016-லேயே போய்விட்டார். படம் வெளிவந்து மூன்று மாதம் ஆகும் முன்பே, செப்டம்பரில், ஜான் ஆஷ்டனும் காலமானார். முப்பது வருஷம் முன்னால் வேண்டாம் என்று விட்டதைக் கடைசி நேரத்தில் எட்டிப் பிடித்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

ஆகவே, நேரமிருந்தால் முதல் படத்தையும் மூன்றாவதையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். சண்டையைப் பார்க்க வேண்டாம், ஆக்ஸல் பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தை மட்டும் கவனியுங்கள். நான் சொன்னது சரியா என்று தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும், உங்களை இன்னமும் ‘போதும்யா, வாயை மூடு’ என்று சொல்ல யாராவது மிச்சமிருந்தால் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.