பல்லுக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

பல் எடுக்க வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது பல்லைப் பற்றியதன்று. "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதே எங்கள் முதல் கேள்வி. அதற்குக் கிடைக்கும் விடைகளுள் எங்களை மிகவும் கலங்க வைப்பது ஒன்றுண்டு. அண்மையில் ஒரு பெரியவரை அழைத்து வந்த அவருடைய மகள் அதைத்தான் சொன்னார்: "அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் டாக்டர். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை. பல் எடுக்கப் போகிறோமே என்று ஒரு வாரமாக நிறுத்தி வைத்திருக்கிறோம்."

அவர் அதைச் சற்றுப் பெருமையுடன்தான் சொன்னார். தந்தைக்கு ரத்தப்போக்கு ஏற்பட்டுவிடக் கூடாதே என்னும் அக்கறை அது. நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டோம். பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு பல்லை எடுத்தபோது அப்படிச் சொன்னார்களாம்.

குற்றத்தை அந்த மகளின் மேல் சுமத்த எங்களுக்கு மனமில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களாகிய நாங்களே அவ்வாறுதான் சொல்லி வந்தோம். ஆஸ்பிரின் ரத்தத்தட்டுகளின் செயலைத் தடுக்கிறது. ஒரு தட்டின் ஆயுள் ஏறத்தாழ 7 முதல் 10 நாள். ஆகவே ஒரு வாரம் நிறுத்தினால் புதிய தட்டுகள் வந்து ரத்தம் முன்போல் உறையும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. எதை எதனோடு எடை போடுகிறோம் என்பதில்தான் பிழை இருந்தது. பல் எடுத்த குழியில் ரத்தம் கசிந்தால் அது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். துணியை வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், ரத்தத்தை உறைய வைக்கும் பஞ்சைக் குழியில் வைக்கலாம். ஸ்டென்டுக்குள் ரத்தக்கட்டி உண்டானால் அங்கே வைத்து அழுத்த எந்த விரலும் எட்டாது. அது மாரடைப்பாகவே வெளிப்படும். இன்று மருத்துவ வழிகாட்டு நெறிகள், ஓரிரு பற்களை எடுப்பதற்காக ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ நிறுத்த வேண்டியதில்லை என்றே சொல்கின்றன. நாங்கள் சொன்ன பழைய சொல் மட்டும் வீடுகளில் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்பப் பெற வேண்டிய கடமையும் எங்களுடையதே.

செயற்கை வால்வு பொருத்தியவர்களும் இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை உடையவர்களும் உட்கொள்ளும் வார்ஃபரின் சற்று வேறு வகை. அதற்கு ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனை உண்டு. பல் எடுப்பதற்கு முந்தைய நாள் பார்த்த அளவு 4-க்குக் கீழே இருந்தால், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே பல்லை எடுத்துவிடலாம். அதற்கு மேல் இருந்தால், அளவு இறங்கும் வரை பல் வேலையைத் தள்ளிவைப்போம். ரிவராக்சபான், அபிக்சபான், டபிகட்ரான் போன்ற புதிய மருந்துகளில், சிலருக்கு மட்டும் அன்று காலை வேளை மருந்தின் நேரத்தை மாற்றச் சொல்வதுண்டு. அந்த மாற்றத்தை மருத்துவர் சொல்ல வேண்டும். வீட்டில் முடிவு செய்யலாகாது. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவராயின், அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிவைக்கலாமா என்று இதய மருத்துவரைக் கேட்போம். தள்ளிவைப்பது பல்லைத்தான், மாத்திரையை அன்று.

பல் எடுப்பதென்றால் வலியை எண்ணி அஞ்சுவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். வலியை வென்ற கதையே பல்லில்தான் தொடங்கியது. 1844-இல் அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துவிட்டுத் தம் பல்லையே எடுக்கச் செய்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொடுத்து ஒருவரின் பல்லை எடுத்தார். இன்று ஓர் ஊசியில் ஈறு மரத்துவிடுகிறது. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்னும் அச்சமும் தேவையற்றது. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அஞ்ச வேண்டாதவற்றுக்கு அஞ்சிக்கொண்டிருந்தவர்கள், மாத்திரையை நிறுத்தும்போது மட்டும் சிறிதும் அஞ்சுவதில்லை.

நிறுத்துவது ஒரு வகையென்றால் சொல்லாமல் விடுவது இன்னொரு வகை. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை உட்கொள்ளும் அலெண்ட்ரோனேட் மாத்திரையையும், ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றப்படும் சோலெட்ரோனிக் அமில ஊசியையும் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தினமும் சாப்பிடுவதுதான் மருந்து என்பது அவர்கள் எண்ணம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே ஊசி இன்னும் அடிக்கடி ஏற்றப்படுகிறது. இம்மருந்துகளைப் பெற்றவர்களுள் சிலருக்கு, பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை ஏற்படக்கூடும். முகத்திலும் கழுத்திலும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் அவ்வாறே. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கடந்தாலும் அந்த அபாயம் தீர்வதில்லை. எங்களிடம் முன்பே சொன்னால், பல்லை எடுக்காமல் காப்பாற்றும் வழியைத் தேடுவோம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுவோம். நாங்கள் தரும் படிவத்தில் 'உட்கொள்ளும் மருந்துகள்' என்பதற்கு எதிரே ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. ஐந்து மாத்திரை சாப்பிடுபவர் அதில் எதை எழுதுவார்? "இதய மருத்துவரிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்று ஒரு சீட்டைக் கொடுத்து, மூட்டு வலியுள்ள பெரியவரையும் அவர் குடும்பத்தாரையும் அலைய விடுவதும் சரியன்று என்பதே எங்கள் கருத்து. தொலைபேசியில் பேசி முடிக்க வேண்டிய வேலை அது. அதைச் செய்யும்படி எங்களைக் கேட்பது உங்கள் உரிமை.

உடனிருந்து கவனிப்பவர்களுக்கு அன்றிரவு சில வேலைகள் உண்டு. உமிழ்நீரில் கலந்த சிறிதளவு ரத்தம் பெரிய அளவாகத் தோன்றும். தலையணையில் இளஞ்சிவப்புக் கறை படிந்தால் பதற வேண்டாம். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிப்பதும், காறித் துப்புவதும், உறிஞ்சு குழாயில் பருகுவதும் கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். ரத்தம் ஊறி வந்தால், நிமிர்ந்து உட்கார வைத்து, சுத்தமான துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து அரை மணி நேரம் இறுகக் கடிக்கச் செய்யுங்கள். இடையிடையே எடுத்துப் பார்க்கும் ஆவலை அடக்குவதுதான் கடினம். அதன் பின்னும் நிற்காவிட்டால், எந்நேரமாயினும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வலிக்கிறதென்று வீட்டில் கிடக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். உறைதலைத் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் அவை ரத்தப்போக்கைக் கூட்டும். இத்தகைய நோயாளிகளுக்குக் காலை வேளையில், வாரத்தின் தொடக்க நாள்களில் நேரம் ஒதுக்க முயல்வதும் இதற்காகவே. இரவில் கசிவு ஏற்பட்டாலும் மறுநாள் நாங்கள் இங்கே இருப்போம்.

வரும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். தீர்ந்துபோன அட்டையாயினும் பயன்படும். "வெள்ளையாக, சிறியதாக இருக்கும்" என்று சொன்னால் எங்களுக்குப் புரிவதில்லை. உலகத்து மாத்திரைகளுள் பாதி வெள்ளையாக, சிறியதாகத்தான் இருக்கின்றன.

அந்தப் பெரியவரின் பல்லை நாங்கள் அன்று எடுக்கவில்லை. இதயப் பிரிவை அழைத்தோம், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, மாத்திரைகளை அன்றே மீண்டும் தொடங்கச் சொன்னார்கள். நல்ல வேளையாக ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை. அடுத்த வாரம் காலை உணவையும் இரண்டு மாத்திரைகளையும் முடித்துக்கொண்டு வந்தார். பல்லை எடுத்து இரண்டு தையல் போட்டோம். வழக்கத்தைவிடச் சிறிது கூடுதல் நேரம் ரத்தம் கசிந்து, பிறகு நின்றது. வாயில் துணியைக் கடித்தபடியே அவர் ஏதோ கேட்டார், எங்களுக்கு விளங்கவில்லை. மகள்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாயங்காலம் ஐஸ்கிரீம் சாப்பிடலாமா என்று கேட்கிறார், டாக்டர்."