சரயேவோவில் அழுதால் கலை, அம்பத்தூரில் அழுதால் இரைச்சல்

போன மாசம் ஒரு நண்பர் லிங்க் அனுப்பினார்: சேவ்தா, போஸ்னியாவின் நகரத்துப் பாட்டு. 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சேவ்தா என்ற துருக்கிச் சொல்லுக்குக் காதல் என்று பொருள்; அதன் அரபு வேர் கரும்பித்தத்தைக் குறிக்கிறது. இந்தப் பாட்டில் பெரிய பெயரெடுத்த ஹிம்சோ பொலோவினா ஒரு மனநல மருத்துவர். ஒரு சொல் புரியாமலே கண் கலங்கியது, பொய் சொல்லலை.

அதே நண்பர் அதே வாரம் அம்பத்தூரிலிருந்து போன் பண்ணினார். "தெருவுல சாவுக் கானா, தூங்க முடியல, போலீஸுக்குச் சொல்லலாமா?"

பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாதென்று சட்டம் இருக்கு, தெரியும். ஆடி மாசம் கோயில் குழாய் அலறும்போது மட்டும் அந்தச் சட்டம் யாருக்கும் ஞாபகம் வராது.

எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். இறந்தவர் லேத் ஆபரேட்டர். ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், மாலை போட்ட படத்தைச் சுற்றி சீரியல் பல்பு. கானாக்காரர் முதலில் பாடவில்லை. வீட்டாரிடம் உட்கார்ந்து விசாரித்தார். பிள்ளைகள் பேர் என்ன, எந்த ஷிஃப்ட், எந்தக் கடையில் டீ. பதினோரு மணிக்கு டோலக் தொடங்கியதும் அத்தனையும் எதுகையோடு பாட்டில் வந்தது. அதுவரை கல்லு மாதிரி பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பெரிய மகள், தன் பேர் வந்த இடத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். விடியும் வரை நடந்தது. கையில் ஒரு தாள்கூட இல்லை. சபாவில் இதுக்குப் பேர் மனோதர்மம், தெரியுமில்ல?

அதே ஆளை ஒரு கல்லூரி 'நாட்டுப்புறக் கலை விழா'வில் பார்த்தேன். பத்து நிமிஷம் கொடுத்தார்கள். "அடுத்து ஜாலியா ஒரு கானா!" என்றார் தொகுப்பாளர். சாவை வெட்டி எடுத்துவிட்டு மிச்சம் இருக்கிற குத்துக்குக் கைதட்டினோம். நாட்டுப்புறம் என்ற பேரே தப்பு. வடசென்னைச் சேரிகளில் பிறந்த பாட்டுக்கு ஏதுய்யா வயலும் வரப்பும்? சேவ்தா மாதிரியே இதுவும் நகரத்துப் பாட்டு.

மேடை கிடைக்கவே இல்லையென்று சொல்லமாட்டேன். 2018-ல் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடியது. 2020 முதல் மார்கழியில் மக்களிசை நடந்தது. ரெண்டும் பெரிய விஷயம். ஆனால் அங்கே பல பேர் ஒரே மேடையைப் பங்குபோட வேண்டும். நான் கேட்பது சின்னது: அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு மண்டபம், ஒரே பாடகர், மூணு மணி நேரம், நோட்டீஸில் அவர் பேர், கையில் முன்பணம்.

சில கானாக்களில் பெண்களைப் பற்றி வரும் வரிகள் கேவலம். திட்டுங்க, நானும் திட்டுறேன். அதுக்கும் முழுசா உட்கார்ந்து கேட்கணும்.

நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். போலீஸ் வேணாம், கீழே இறங்கி ஒரு சேர் போட்டு உட்காருங்க என்று. "சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.