பின்கோடு சொல்லாத மொழி

பாலக்காடு மாவட்டத்தின் எல்லையில், பொள்ளாச்சியை ஒட்டிய மீனாட்சிபுரத்தில் ஒரு சோதனைச் சாவடி. தமிழகத்திலிருந்து வரும் பால் வண்டிகளை நிறுத்தி, கேரளப் பால்வளத் துறையினர் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். வண்டியில் எத்தனை ஆயிரம் லிட்டர் இருக்கிறது என்பதைவிட, பால் எப்படி இருக்கிறது என்பதே அங்கு முக்கியம்.

இணையதளம் தொடங்கும் வியாபாரிகள் இந்தச் சாவடியிடம் பாடம் கற்கலாம். வாடிக்கையாளர் பற்றிய தகவல்தான் இந்தக் காலத்தின் மூலதனம் என்று கேள்விப்பட்டதும், கிடைப்பதையெல்லாம் சேர்க்கத் தொடங்குகிறார்கள். பிறந்த தேதி, மொபைல் எண், திருமண நாள், தொழில், வருமானம். எதற்காக என்ற யோசனை பிறகுதான் வருகிறது. பல சமயம் வருவதே இல்லை.

மீனாட்சிபுரத்துக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட தளத்தில் தன் முகவரியைப் பதிவு செய்தால் என்ன ஆகும்? பின்கோடு 678 என்று தொடங்கும். பாலக்காடு, எனவே கேரளம், எனவே மலையாளம் என்று கம்ப்யூட்டர் தீர்மானித்துவிடக்கூடும். பிறகு சலுகை அறிவிப்பும் ஓணம் வாழ்த்தும் மலையாளத்திலேயே வரும். ஆனால் சித்தூர் தாலுகாவின் இந்த எல்லைக் கிராமங்களில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் ஏராளம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. அரசுக்குத் தெரிந்த விஷயம் கடைக்காரரின் கம்ப்யூட்டருக்குத் தெரிவதில்லை.

1972-ல் அறிமுகமான பின்கோடு, தபால்களைப் பிரிக்க வந்த ஏற்பாடு. கடிதம் எங்கே போக வேண்டும் என்பதை அது சரியாகச் சொல்லும். எந்த மொழியில் எழுத வேண்டும் என்று சொல்லாது. அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: ‘உங்களுக்கு எந்த மொழியில் வேண்டும்?’ சேர்த்து வைத்த பத்துத் தகவல்களைவிடக் கேட்டுப் பெற்ற இந்த ஒன்று அதிகம் விற்றுக் கொடுக்கும்.

தகவலைச் சரியாகப் படித்தவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் மென்பொருள் துறையில் வேலை பார்த்தபோது, 1997-ல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் பல பகுதிகள் இருந்தன. வரன் தேடும் பகுதிக்குத்தான் கூட்டம் அதிகம். அதைக் கவனித்தவர் அதையே தொழிலாக்கினார். பாரத் மேட்ரிமோனி பிறந்தது இப்படித்தான். தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று மொழிவாரியாகத் தளங்கள் வந்தன. 2017-ல் நிறுவனம் பங்குச் சந்தைக்கும் போனது. வந்தவர்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த முதல் தகவல். அதற்கு யாருடைய அந்தரங்கமும் தேவைப்படவில்லை.

சிறிய வியாபாரிக்கும் இது பொருந்தும். எந்தப் பொருளைத் தேடினார்கள், தேடியது கிடைத்ததா, பணம் கட்டும் இடம் வரை வந்து ஏன் திரும்பினார்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தால் கடையைத் திருத்தலாம். கூரியர் கட்டணத்தைப் பார்த்துத்தான் பலர் ஓடுகிறார்கள் என்றால், அவர்களுடைய திருமண நாள் தெரிந்து என்ன பயன்?

தேவையில்லாத தகவல் வெறும் சுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன காரியத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே சம்மதம் செல்லும். மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒருவரின் மொபைலில் உள்ள தொடர்பு எண்களைக் கேட்டு, அவர் சரி என்றாலும் அந்தச் சம்மதம் செல்லாது என்று சட்டமே உதாரணம் தருகிறது. தகவலைப் பத்திரமாகப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

இதே சட்டத்தில் மீனாட்சிபுரத்துக்காரருக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. தகவல் எதற்காகக் கேட்கப்படுகிறது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதியைத் தர வேண்டும். பின்கோடு எதுவானாலும் அவர் தமிழில் கேட்கலாம்.

எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர், எந்த வீட்டில் இன்று விருந்தாளி என்பது ஊர்ப் பால்காரருக்குத் தெரியும். யாருடைய பிறந்த தேதியும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.